கழுத்து ஆபரேஷனுக்குப் பின் தண்ணீர்கூட இறங்காதபோது

கழுத்தின் முன்பக்கம் கீறி, கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு (சி5–சி6) நடுவே மெத்தை போல இருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு பிளேட் வைத்தார்கள். மறுநாள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் புரையேறியது. பயந்துபோனேன். எலும்பை எட்ட உணவுக்குழாயை ஓரமாக ஒதுக்கிப் பிடிப்பதால் வரும் வீக்கம் இது, பெரும்பாலும் சில வாரங்களில் குறையும் என்றார் டாக்டர். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு தூங்கியிருப்பேன்.

எனக்குத் தண்ணீர்தான் எதிரி. கூழ் பதத்தில் எது கொடுத்தாலும் இறங்கியது. கஞ்சி, குழைய வேகவைத்த பருப்புச் சாதம், சாம்பாரில் ஊறவைத்து மசித்த இட்லி என்று ஓட்டினேன். சப்பாத்தி, பொரியல் பக்கமே போகவில்லை. அரை ஸ்பூன் வாயில் போட்டு இரண்டு முறை விழுங்குவேன், அப்புறம்தான் அடுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல், டிவி போடாமல் சாப்பிட்டதே பாதி வேலையைச் செய்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க மாட்டேன்.

தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். கழுத்து அசையாமலிருக்க மாட்டும் பட்டையான காலர் போட்டிருக்கும்போது அதை நீங்களாகச் செய்யாதீர்கள். நான் டாக்டரிடமும் விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டிடமும் கேட்ட பிறகே செய்தேன். மாத்திரையும் அப்படித்தான்: சிலவற்றைப் பொடிக்கக் கூடாது. கேட்டு, இரண்டை சிரப்பாக மாற்றிக்கொண்டோம்.

மூச்சுத் திணறினாலோ, கழுத்து திடீரென வீங்கினாலோ, எச்சில்கூட இறங்காவிட்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6-ஆவது வாரம் தோசை இறங்கியது. மொறுமொறு ஓரத்தை மட்டும் இன்னமும் சட்னியில் நனைத்தே சாப்பிடுகிறேன்.