ஒலிபெருக்கியைத் தொடாதீர்கள்

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு திட்டத்தைக் காட்டினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குத் துணைநின்ற ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். சிறந்த மூன்று கடிதங்களைக் காலை வணக்கக் கூட்டத்தில் படிக்க வேண்டும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட அதே திட்டம்.

எழுத்துப்பிழை, கடித அமைப்பு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். இந்தத் திட்டத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெரிய கேள்வி கேட்பது

'உன் வாழ்க்கையை மாற்றியவர் யார்?' என்று கரும்பலகையில் எழுதினால் பாதி வகுப்பு 'அம்மா' என்று எழுதும். மீதி 'அப்துல் கலாம்' என்று எழுதும். கேள்வியைச் சிறிதாக்குங்கள். நீ வரும்வரை யார் காத்திருந்தார்? கேட்காமலே கொடுத்தவர் யார்? உடனே பஸ் நடத்துநர் வருவார், ஜியோமெட்ரி பாக்ஸ் இரவல் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன் வருவார்.

கலாம் என்று எழுதியவனை அதட்ட வேண்டாம். கலாம் யாருக்கு எழுதியிருப்பார் என்று கேளுங்கள். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர 1,000 ரூபாய் போலத் தேவைப்பட்டபோது, தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் அவருடைய அக்கா ஜோஹரா. பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்ட வகுப்பையே ராமேசுவரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனவர் அவருடைய பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். இந்த இருவரைப் பற்றிச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவே கண்ணில் படத் தொடங்கும்.

மாதிரிக் கடிதம் கொடுப்பது

நாற்பது நகல்கள் வரும்.

சபையில் படிப்பது

இதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே எரிச்சல் வரும். ஒரு மாணவன் தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு எழுதியிருந்தான்: 'அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் நானும் தங்கையும் உங்கள் கடைத் திண்ணையில் படுத்தோம். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை மட்டும் அணைக்காமல் போனீர்கள்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்பில் இப்படி எழுதும் பிள்ளையா! அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாள் ஒலிபெருக்கியில் நானே படித்தேன். பெயரைச் சொல்லவில்லை; அதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. அந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள் என்று யோசித்தேனா? கைதட்டல் ஓய்வதற்குள் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

ஆறு நாள் அவன் வரவில்லை. வீட்டில் அடி என்று பிறகு தெரிந்தது. கடைக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை. "இனிமேல் அந்தப் பிள்ளைகள் இங்கே எப்படி வருவார்கள், சார்?" என்று மட்டும் கேட்டார்.

யார் கொடுத்தார் என்று எழுதும்போதே யார் கொடுக்கவில்லை என்பதும் கடிதத்தில் வந்துவிடுகிறது. கட்டணம் கட்டிய மாமாவைப் பாராட்டினால், கட்ட முடியாத அப்பா அம்பலத்தில் நிற்கிறார். கடிதங்களை நீங்கள் மட்டும் படியுங்கள். எதையாவது வெளியே சொல்ல விரும்பினால், எழுதிய பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அது தயங்கினாலே 'வேண்டாம்' என்று பொருள். அடி, பட்டினி என்று எழுதியிருந்தால் அது கைதட்டலுக்கான செய்தி அல்ல, தலைமையாசிரியருக்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் உரியது. அன்று நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

மதிப்பெண் போடுவது

நன்றிக்குப் பத்துக்கு ஏழா?

காகிதத்தை மட்டும் கொடுத்தனுப்புவது

பெறுபவருக்குப் படிக்கத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. சத்துணவு ஆயாவுக்கு ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: 'எனக்கு மட்டும் கரண்டியை அடிவரை விட்டு சாம்பார் ஊற்றுவீர்கள். பருப்பு அங்கேதான் இருக்கும்.' ஆயா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடி இல்லை என்றார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. சிறுமியே படித்துக் காட்டினாள்.

"பருப்பு எங்கே இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார் ஆயா.