ரெஜிபோமில் ஒரு பறக்கும் இறக்கை: எடை மையத்தைப் பிடித்தால் மீதி சுலபம்

நான்கு விசிறி ட்ரோன் பற்றரி தீரும்வரை தன் முழு எடையையும் மோட்டர்களாலேயே தூக்கி நிற்கிறது. இறக்கை உள்ளதைக் காற்றே தாங்கும், அதனால் அதே பற்றரியில் கூடுதல் தூரம் போகலாம். வால், உடம்பு எதுவும் இல்லாத பறக்கும் இறக்கை என்றால் செய்யவும் பொருள் குறைவு. ஆனால் மூக்கை நேராகப் பிடித்து வைக்க வால் இல்லையே, அந்த வேலையை இறக்கையின் வடிவமும் எடை மையமும்தான் செய்ய வேண்டும்.

அளவு இதுதான்: இறக்கை நீளம் நுனிக்கு நுனி 1000 மி.மீ., நடுவில் அகலம் 300, நுனியில் 180, முன் விளிம்பு 25 பாகை பின்னால் சரிவு, அதாவது நுனியின் முன் விளிம்பு 233 மி.மீ. பின்னால் வரும். இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு எம்எச் 45 அல்லது எம்எச் 60 எடுங்கள், இரண்டின் புள்ளிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பின் விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்த வகை. நுனி அச்சின் (வெட்டும் கம்பி ஊர்ந்து போகும் வடிவத் தட்டு) பின்பக்கத்தை 6 மி.மீ. உயர்த்தி வெட்டினால் நுனி 2 பாகை கீழ்நோக்கும். இதை விட்டுவிடாதீர்கள், வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்தால் விமானம் சுழன்று விழும்.

ஹாட்வெயார் கடையில் 2 அங்குல ரெஜிபோம் பலகை வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொலபொலவென்று மணி உதிர்ந்தால் வேண்டாம். பழைய மீன் பெட்டி மூடியையும் நான் சொல்ல மாட்டேன், ஈரம் குடித்துக் கனத்திருக்கும். வெட்ட நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி, இரண்டு அச்சுகளின் மேலும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடியும்படி மெதுவாக இழுக்க வேண்டும், புகை நல்லதல்ல, முற்றத்தில் செய்யுங்கள். சூப்பர் குளூவும் பெற்றோல் வாசம் வரும் பசைகளும் ரெஜிபோமைக் கரைத்துவிடும், வெள்ளைப் பசை போதும். உள்ளே வலுவுக்கு உடைந்த தூண்டில் கம்பின் ஃபைபர் துண்டைப் பதித்து, மேலே பார்சல் ரேப் ஒட்டிவிட்டால் சரி. அடிப்பக்கத்தில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்பு ரேப் ஒட்டுங்கள், திருகோணமலை வெயிலில் வெள்ளை இறக்கை வானத்தோடு கலந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது.

மோட்டர் 2212, 1400 கேவி (ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் 1400 சுற்று), 8 அங்குல புரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), மடல்களை அசைக்க இரண்டு 9 கிராம் சேர்வோ, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பற்றரி. மோட்டர் பின்னால் இருக்கும். சரிந்த பின் விளிம்பில் புரொப்பெல்லர் உரசாமல் இருக்க 4 செ.மீ. வெளியே தள்ளிப் பூட்டுங்கள், எழுத்து உள்ள பக்கம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும்.

இனி எடை மையம். இந்த அளவுகளுக்குக் காற்றியல் சராசரி அகலம் 245 மி.மீ., அது நடுவிலிருந்து 229 மி.மீ. தள்ளி இருக்கிறது, அந்த இடத்தில் முன் விளிம்பு 107 மி.மீ. பின்னால். அதோடு 245இன் கால் பங்கைக் கூட்டினால் 168, அதுதான் நடுநிலைப் புள்ளி. எடை மையம் அதற்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். முதல் பறப்புக்கு நடு முன் விளிம்பிலிருந்து 145 மி.மீ.யில் வையுங்கள். மோட்டர் பின்னால் இருப்பதால் பற்றரியை இறக்கைக்குள் வைத்தால் இந்த இடம் வராது. அதனால் மூக்கில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பெட்டி முன்னால் நீட்டி, பற்றரியை அதற்குள் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாகக் கட்டுங்கள். 145இல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தால் மூக்கு ஒரு பொட்டுத் தாழ்ந்து நிற்க வேண்டும்.

பின் விளிம்பின் வெளிப்பக்க மூன்றில் இரண்டு பங்கு எலெவொன், அதாவது மேலும் கீழும் அசைந்து விமானத்தைத் திருப்பும் மடல். பறப்பைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான ஆடுப்பைலட்டில் சேர்வோ வேலை எண் இடதுக்கு 77, வலதுக்கு 78. ஸ்டிக்கைத் தொடாதபோது இரண்டும் 2 மி.மீ. மேலே இருக்கட்டும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் இரண்டும் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே இடது கீழே. அப்புறம் ஸ்டெபிலைஸ் முறையில் கையால் வலது இறக்கையைத் தாழ்த்துங்கள், வலது எலெவொன் கீழே இறங்கினால்தான் சரி. இது தலைகீழாக இருந்தால் எறிந்த கணமே கவிழும்.

பறக்கவிட முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். சீனக்குடா விமானத் தளம், கடற்படைத் துறைமுகம், கோணேசர் கோயில் இருக்கும் பிரட்றிக் கோட்டை, இந்தப் பக்கமெல்லாம் யோசிக்கவே வேண்டாம். கடற்கரை மணலும் உப்பும் மோட்டர் பேரிங்கைத் தின்றுவிடும். பெரும்போக அறுவடை முடிந்த தம்பலகாமம் வயல் நல்லது, வயல்காரரிடம் கேட்டுவிட்டு, கடற்காற்று கிளம்ப முன் காலையிலேயே போங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முதல் பறப்பு வேண்டாம்.

ஒருவர் காற்றை எதிர்த்து மட்டமாக எறியட்டும், கை விலகிய பிறகே மோட்டரைக் கூட்டுங்கள், பின்னால் இருப்பது கத்தி. உயரம் எடுத்ததும் கையை எடுத்துப் பாருங்கள். மூக்கு தாழ்ந்துகொண்டே போனால் எலெவொனை 1 மி.மீ. உயர்த்துங்கள். குதித்துக் குதித்து ஓடினாலோ சிறிய அசைவுக்கே துள்ளினாலோ உடனே இறக்கி, பற்றரியை 5 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். நேராகப் போகும் இடம் கிடைத்ததும் பற்றரியின் ஓரத்தைப் பெட்டியில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.