அசைலம் (அகதியா ஏத்துக்கச் சொல்லிப் போடுற மனு) போட்டுட்டு இங்கிலாந்துல படிக்கப் பாக்குறவங்களுக்கு நம்ம ஆளுங்க சொல்ற தப்பான அட்வைஸ்

திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாம்லேர்ந்தோ பட்டுக்கோட்டைலேர்ந்தோ, அங்க அசைலம் போட்டுட்டு இருக்கிற நம்ம பையனுக்கு போன் போட்டு, "தம்பி ரூம்ல சும்மா உக்காந்திருக்காத, இங்கிலீஷ் கிளாஸ்ல சேரு"ன்னு சொல்றது நல்ல விஷயம்தான், ஆனா கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற மத்த அட்வைஸ் பாதிக்கு மேல வேற யாரோ விசாவுக்கு உள்ளது.

"மூணு வருஷம் அங்க இருந்தாத்தான் கவர்மெண்ட் பீஸ் கட்டும்"னு லண்டன்ல இருக்கிற மாமா சொல்லிருப்பாரு. அசைலம் கேட்டு முடிவு வராம இருக்கிறவனுக்கு அது இல்ல. 19 வயசோ அதுக்கு மேலயோன்னா, ஹோம் ஆபீஸ் (அந்த நாட்டு உள்துறை) கேஸைப் பாத்துக்கிட்டிருக்கிறப்போ அவன் அங்க ஆறு மாசம் இருந்திருக்கணும், அவ்ளோதான். இதுலதான் ரொம்ப பேரு சறுக்குறாங்க, ஏன்னா ஆறு மாசத்த பிளைட் இறங்குன தேதிலேர்ந்து எண்ணுறாங்க. ஸ்டூடன்ட் விசால போயி ஒரு வருஷம் கழிச்சு அசைலம் போட்டவனுக்கு அந்த ஒரு வருஷம் இதுல சேராது, கேஸ் போட்ட தேதிதான் கணக்கு. சேர்ற அன்னிக்கே தகுதி பாப்பாங்க, அதனால ரெண்டு வாரம் குறையுதுன்னா அடுத்த பேட்ச்ல சேர்றதே மேல், நாத்து தயாராகாம நடவுக்கு ஆள் கூப்பிட்டு என்ன பண்றது.

அகதி அந்தஸ்து கிடைச்சிருச்சுன்னா ஆறு மாசமும் கிடையாது மூணு வருஷமும் கிடையாது, உடனே போய்ச் சேரலாம். "ரிஜெக்ட் ஆயிருச்சு, படிப்பும் போச்சு"ன்னு சொல்றதும் அவசரம். அப்பீல் போட்டு ஆறு மாசமாகியும் முடிவு வரலன்னாலோ, செக்‌ஷன் 4 உதவி (ரிஜெக்ட் ஆகியும் உடனே போக வழியில்லாதவங்களுக்கு ஹோம் ஆபீஸ் குடுக்கிற தங்குற இடம், சாப்பாட்டுச் செலவு) வாங்கிட்டிருந்தாலோ தகுதி உண்டு.

தகுதின்னா ப்ரீன்னு நெனைக்காதீங்க. சில கோர்ஸுக்குப் பாதி கவர்மெண்ட், மீதிய காலேஜ் நம்மகிட்ட கேக்கலாம், சேர்றதுக்கு முன்னாடியே வாய் விட்டுக் கேட்டுரணும். பெரிய கோர்ஸுக்கு லோன் எடுக்கலாம்னு ஏஜென்ட் யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அட்வான்ஸ்டு லேர்னர் லோன்னு சொல்ற அந்த கவர்மெண்ட் படிப்புக் கடன் அசைலம் கேஸ் நடக்கிறவங்களுக்குக் கிடையாது. கைல காசும் எதிர்பாக்க வேணாம், காலேஜ் உதவின்னா புக்கு, கோர்ஸுக்கு வேண்டிய சாமான், பஸ் பாஸ் இப்படித்தான் வரும்.

"கவர்மெண்ட் காசுல படிச்சா கேஸ் கெட்டுரும்"னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அது வேணாம், விசாக்காரங்க தொடக்கூடாத கவர்மெண்ட் உதவிகள அவங்க சட்டத்துல பப்ளிக் பண்ட்ஸ்னு லிஸ்ட் போட்டிருக்காங்க, அதுல படிப்பு இல்ல. பாக்க வேண்டியது பெயில் 201 பேப்பர், அதாவது கேஸ் நடக்கிறப்போ என்னென்ன செய்யலாம் செய்யக்கூடாதுன்னு ஹோம் ஆபீஸ் எழுதிக் குடுக்கிற பேப்பர். அதுல படிக்கக்கூடாதுன்னு போட்டிருந்தா பேசாம விட்டுறாதீங்க, வக்கீல் மூலமா அத மாத்தச் சொல்லி ஹோம் ஆபீஸ்ல கேக்கலாம்.

இன்னொண்ணு, இது முழுக்க இங்கிலாந்து ரூல். ஸ்காட்லாந்து, வேல்ஸ் தனி. இங்கிலாந்துக்குள்ளயே லண்டன், கிரேட்டர் மான்செஸ்டர் மாதிரி இடத்துல அந்தந்த மேயர் ஆபீஸ்தான் பணத்தப் பிரிச்சுக் குடுக்குது, ரூலும் ஆகஸ்ட்டுக்கு ஆகஸ்ட் மாறும், அதனால ஹோம் ஆபீஸ் தங்க வெச்ச ஹோட்டல மாத்தி வேற ஊருக்கு அனுப்புனா அங்க உள்ள காலேஜ்ல திரும்பக் கேக்கணும்.

இங்கேர்ந்து பிளஸ் டூ மார்க் ஷீட்ட கூரியர்ல அனுப்ப அலையாதீங்க. இங்கிலீஷ் கிளாஸுக்கு ஒரு சின்ன டெஸ்ட் வெச்சு லெவல் பாத்துருவாங்க. தம்பி கைல இருக்க வேண்டியது ஏஆர்சி கார்டும் (அசைலம் போட்டவங்களுக்கு ஹோம் ஆபீஸ் குடுக்கிற அடையாள அட்டை), கேஸ் போட்ட தேதி தெரியிற ஹோம் ஆபீஸ் லெட்டரும்.