செய்திக்கு ஒரு நேரம்: வன்னி வீடுகளுக்கான போன் ஒழுங்கு

1990களில், போர்க்காலத்தில், இலங்கையின் வடக்கே வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்னில் றேடியோ பேசும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை தொடங்கும், அரை மணியில் முடியும். சுற்றிய கை நின்றதும் றேடியோவும் அடங்கும், சனம் கலைந்து படுக்கப் போகும். சண்டைக்கு நடுவிலும் செய்திக்கு ஒரு முடிவு இருந்தது. போனில் அந்த முடிவு இல்லை, விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அதனால் போன் பார்ப்பதைக் குறைக்க நினைத்தால் மனவுறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முடிவை நாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம், கணக்கை மட்டும் பாருங்கள். அன்ட்ரொய்ட் போனில் செற்றிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிறீன் டைம்’. மொத்த மணித்தியாலத்தைவிட இரண்டு எண்கள் முக்கியம்: ஒரு நாளில் போனை எத்தனை தரம் எடுத்தீர்கள், எந்தச் செயலி அதிக நோட்டிபிகேஷன் அனுப்பியது. பூட்டு எங்கே போட வேண்டும் என்பதை இவை காட்டும்.

அடுத்தது, போனைப் படுக்கையறையை விட்டு வெளியே வைப்பது. அனேகமானோர் தோற்பது இங்கேதான். போன் தலைமாட்டுக்கு வந்ததற்கு மூன்று நல்ல காரணங்கள் உண்டு. அந்த மூன்றுக்கும் மாற்று வைக்காமல் போனை மட்டும் நகர்த்தினால், நாலாம் நாள் அது திரும்பத் தலையணைக்குக் கீழே வந்துவிடும்.

ஒன்று, வெளிச்சம். இரவில் வெளியே போனால் காலடியில் பாம்பு கிடக்கலாம். ஒரு சின்ன ரோச்லைற் வாங்கி, படுத்தபடி கை எட்டும் ஆணியில் தொங்கவிடுங்கள். மேசையில் வைத்தால் பிள்ளைகள் எடுத்துப் போய்விடுவார்கள், அன்றிரவே போன் உள்ளே வரும். இரண்டு, அலாரம். பற்றரியில் ஓடும் மேசை மணிக்கூடு போதும்.

மூன்றாவதுதான் கடினம்: வெளிநாட்டு அழைப்பு. லண்டனில் வேலை முடிந்து மாலை 6 மணிக்கு அண்ணை எடுத்தால் இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. பேசி முடித்ததும் கை தானாகவே பேஸ்புக்குக்குப் போகும், பிறகு நித்திரை இல்லை. நேரத்தைப் பேசித் தீர்மானியுங்கள். லண்டனில் மதியம் 1 மணி என்றால் இங்கே மாலை 5.30 அல்லது 6.30. ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் இங்கே காலை 6.30 அல்லது 7.30. அவசரத்துக்கு வழி திறந்தே இருக்கட்டும். போனின் ஒலியை அடக்கும் ‘டு நொட் டிஸ்ரேப்’ முறையை இரவு 9.30 முதல் காலை 5.30 வரை தானாக இயங்க வையுங்கள். அதில் நெருங்கியவர்களின் இலக்கங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, ‘திரும்ப அழைப்பவர்’ என்பதையும் திறந்துவிடுங்கள். அன்ட்ரொய்டில் ஒரே இலக்கம் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் அழைத்தால் மணி அடிக்கும். வட்ஸ்அப் அழைப்பு சில போன்களில் இந்த வழியால் வராது. ஆகவே அவசரம் என்றால் சாதாரண அழைப்பை இரண்டு தரம் எடுக்கும்படி வெளிநாட்டு உறவுகளுக்கு முதலே சொல்லிவையுங்கள். போன் விறாந்தையில் சார்ஜ் ஏறட்டும், அங்கே அடித்தாலும் கேட்கும்.

செயலிகளில் செய்ய வேண்டியது அரை மணி வேலை. வட்ஸ்அப்பில் செற்றிங்ஸ், ஸ்ரோறேஜ் அன்ட் டேற்றா, மீடியா ஓட்டோ டவுன்லோட் என்று போய் எல்லா ‘சரி’ அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள், படமும் காணொளியும் தானாக இறங்காது. குறூப்புகளை விட்டு வெளியேற வேண்டாம். மரண அறிவித்தலும் அதில்தான் வரும், வெளியேறினால் மனஸ்தாபமும் வரும். குடும்பம், பிள்ளையின் வகுப்பு, கமக்காரர் அமைப்பு ஆகிய மூன்றையும் விட்டு, மற்றவற்றை ‘எப்போதும்’ என்று ஒலியடக்கி ஆர்க்கைவில் போடுங்கள். பேஸ்புக்கில் காணொளி தானாக ஓடுவதை நிறுத்துங்கள். யூடியூப்பில் பார்த்த வரலாற்றை அழித்து, பதிவதையும் நிறுத்தினால் முகப்புப் பக்கம் வெறுமையாகும். தேடினால்தான் கிடைக்கும்.

செயலிகளுக்கு நேர வரம்பு போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். இரவு 11.50க்கு முடிந்த 20 நிமிடம் 12 மணிக்குத் திரும்பக் கிடைக்கும். விறாந்தைச் சார்ஜர் இல்லாமல் வரம்பு மட்டும் உதவாததற்கு இதுவே காரணம்.

செய்திக்கு நாளுக்கு இரண்டு நேரம் போதும்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம், மாலை 6 மணியளவில் 15 நிமிடம். படுக்க முன் வேண்டவே வேண்டாம். ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வருமென்றால் காலைச் செய்தியை அங்கேயே வாசியுங்கள். கடைசிப் பக்கத்தோடு பத்திரிகை முடிந்துவிடும். இரட்டை அம்புக்குறியோடு வரும் வட்ஸ்அப் செய்தி பல கை மாறி வந்தது. அதை அடுத்த செய்தி நேரம் வரை திறக்காமல் விடுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்கு இந்த ஒழுங்கைத் தளர்த்தலாம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்ப்பதைவிட, கிராம அலுவலரின் இலக்கத்தை அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது பலன் தரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் பதிந்து வையுங்கள்.

முதல் நாலைந்து நாள் கை சும்மா இருக்காது, சேர்ட் பொக்கற்றைத் தடவும். கைக்கு வேலை கொடுங்கள். ஒரு சுளகில் கச்சானைக் கொட்டி உடையுங்கள்: இரண்டு விரலுக்கு நடுவில் கோது நொறுங்கும், பருப்பு ஒரு பக்கம், கோது ஒரு பக்கம். முருங்கையிலை உருவலாம், வலை பொத்தலாம். வாசிப்பு உடனே வராது. பத்து நிமிடத்தில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இடையில் ஒரு நாள் தவறினால் முழுவதையும் கைவிட வேண்டாம். ரோச், மணிக்கூடு, அழைப்பு ஆகிய மூன்றில் எது குழம்பியது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள்.

2009இல் போர் முடிந்த நாளான மே 18க்கும், மாவீரர் நாளான நவம்பர் 27க்கும் முந்திய வாரங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2009இன் படங்களும் காணொளிகளும் கேளாமலே வந்து விழும். நினைவுகூர்வது வேறு, இரவு ஒரு மணிக்குத் தனியே இருந்து அதே உடல்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு. அந்த வாரங்களில் காணொளிச் செயலிகளைப் போனிலிருந்து அகற்றிவிடுங்கள், நிகழ்வுக்கு நேரில் போங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் அம்மாவிடம் செய்தி பார்க்காதே என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பாரத்தை அவர் தனியே சுமக்கவும் கூடாது. வீட்டில் ஒருவர் நாளும் பார்த்து, அந்த விடயத்தில் புதிதாக ஏதும் இருந்தால் பகலில், பக்கத்தில் இருந்து சொல்லட்டும். போனை விட்ட பிறகும் இரண்டு கிழமையாக நித்திரை வரவில்லை, அல்லது பார்த்தவை கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன என்றால் அது போனோடு மட்டும் போகிற பிரச்சினை அல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள், அது 24 மணித்தியாலமும் இயங்கும்.