ரயில் ஓடும் பாதைக்கு அடியில் சாலைச் சுரங்கம் அமைப்பது எப்படி?

லெவல் கிராசிங்கை மூடிவிட்டு அங்கே சுரங்கப்பாதை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. ரயில்கள் குறைவாக ஓடும் தடத்தில் சில மணி நேரம் 'பிளாக்', அதாவது ரயில்களை நிறுத்தி வேலை செய்யும் அவகாசம், கிடைக்குமானால், தண்டவாளத்தைத் தாங்கும் மண்கரையை வெட்டித் திறந்து, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளைக் கிரேனால் இறக்கி, மண் நிரப்பித் தண்டவாளத்தை மீண்டும் இணைத்துவிடலாம். அந்த அவகாசம் கிடைக்காத முக்கியத் தடங்களில், கரைக்குப் பக்கத்திலேயே சுரங்கமாக அமையப்போகும் கான்கிரீட் பெட்டி முழுவதையும் வார்த்து, ரயில்கள் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜாக்கிகளால் கரைக்குள் தள்ளும் 'பாக்ஸ் புஷிங்' முறையே ஏற்றது. இங்கே விளக்கப்படுவது இரண்டாவது முறை.

முதலில் மண்ணை அறிய வேண்டும். கரையின் இருபுறமும் துளையிட்டு மண்ணின் தன்மையையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பதிவு செய்வதோடு, கரையோரம் புதைந்துள்ள சிக்னல், தொலைத்தொடர்பு கேபிள்களைக் கையால் தோண்டிக் கண்டறிந்து இடம் மாற்ற வேண்டும். நீர் ஊறிய, பிடிமானமற்ற மண்ணைச் சீர்செய்யாமல் தள்ளத் தொடங்கவே கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சவுத் ஸ்டேஷனுக்குச் செல்லும் தண்டவாளங்களின் கீழ் நெடுஞ்சாலைச் சுரங்கங்களைத் தள்ளியபோது, மண்ணுக்குள் குழாய்களை இறக்கிக் குளிரூட்டிய உப்புநீரைச் செலுத்தி, நிலத்தையே உறையவைத்த பிறகுதான் தோண்டினார்கள். வரைபடங்களுக்கு ரயில்வேயின் ஒப்புதலும், பணிக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும் கைக்கு வரும்வரை கரையில் மண்வெட்டி படக்கூடாது.

அடுத்தது, பெட்டியை வார்ப்பதற்கான குழி. இதன் தரையில் 'திரஸ்ட் பெட்' எனப்படும் கான்கிரீட் தளத்தை அமைக்க வேண்டும். ஜாக்கிகள் உதைத்துத் தள்ளுவதற்கான எதிர்விசையை இத்தளமே தாங்குவதால், இரும்பு முளைகளைச் செருகுவதற்கான குழிகளை அதில் வரிசையாக விட வேண்டும். பெட்டியின் மூக்கு கரைக்குள் நுழைந்ததும் தன் எடையால் தாழும் இயல்புடையது என்பதால், தளத்துக்குத் தண்டவாளத்தை நோக்கிச் சிறிதளவு ஏற்றம் கொடுப்பது நல்லது. தளத்தை வழவழப்பாக முடித்து, கிரீஸ் தடவி, பாலித்தீன் தாளை விரித்து, அதன் மேல் பெட்டியை வார்க்க வேண்டும். உள்ளளவு 7.5 மீட்டர் அகலமும் 5.5 மீட்டர் உயரமும், எல்லாப் பக்கமும் 0.75 மீட்டர் கனமும் கொண்ட 12 மீட்டர் நீளப் பெட்டியின் எடை மட்டும் ஏறத்தாழ 650 டன் வரும். இதனுடன் மேல் மண்ணின் சுமை, பக்கச்சுவர்களின் உராய்வு, முகப்பின் எதிர்ப்பு ஆகியவற்றையும் கணக்கிட்டு, அதற்கும் மேலான திறன் இருக்கும்படி ஜாக்கிகளை அமைக்க வேண்டும்.

தள்ளுவதற்கு முன், தண்டவாளங்களை ரயில் கிளஸ்டர் (சேர்த்துக் கட்டிய தண்டவாளக் கற்றை) அல்லது தாங்கு கர்டர்களால் (இரும்பு உத்திரங்களால்) வலுப்படுத்தி, வேகக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்த வேண்டும். நீண்ட பற்றவைப்புத் தண்டவாளங்கள் கோடை வெயிலில் நெளியும் அபாயம் இருப்பதால், வெப்பத்தால் அவற்றுக்குள் சேரும் உள்ளழுத்தத்தைத் தளர்த்துவதும் இப்பணியில் அடங்கும்.

தள்ளும் பணியில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: பெட்டியின் முகப்பிலுள்ள இரும்பு வெட்டுமுனை எப்போதும் மண்ணுக்குள் பதிந்தே இருக்க வேண்டும். வேகமாக முடிக்கும் ஆசையில் முனையைத் தாண்டித் தோண்டினால், மேலிருக்கும் மண் சரிந்து ஜல்லிக்கு அடியில் பள்ளம் விழும். ஆகவே முகப்பு மண்ணைச் சரிவாகச் செதுக்கி எடுத்து, அந்த அளவுக்கே தள்ளி, ஜாக்கியைப் பின்னிழுத்து, இடைவெளியில் இரும்புக் கட்டைகளை வைத்து மீண்டும் தள்ள வேண்டும். மேலே காவல் நிற்பவர் விசில் ஊதியதும் தோண்டுவோர் முகப்பிலிருந்து விலகிவிட வேண்டும்; ரயில் கடந்ததும் பொறுப்பாளர் தண்டவாள மட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கிய பிறகே அடுத்த தள்ளல் தொடங்கலாம். ஒவ்வொரு தள்ளலுக்கும் பின் பெட்டியின் நான்கு மூலைகளின் மட்டத்தையும் நேர்கோட்டையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். இடப்புறம் விலகினால் அந்தப் பக்க ஜாக்கிகளுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சிறுகச் சிறுகத் திருத்தலாம். விலகல் பெரிதான பின் திருத்துவது மிகக் கடினம் என்பதால், இந்த அளவுப் பதிவில் காட்டும் கண்டிப்பை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

பெட்டி உரிய இடத்தை அடைந்ததும், சுவர்களில் விட்ட துளைகள் வழியே சிமென்ட் கரைசலைச் செலுத்தி வெளிப்புற வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். பிறகே கர்டர்களை அகற்றி, ரயில்களின் வேகத்தைப் படிப்படியாக உயர்த்தலாம்.

மழைநீரைப் பற்றிய திட்டம் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய வெள்ளத்தில் கார் மூழ்கி ஒரு மருத்துவர் உயிரிழந்தார். அணுகுசாலைகளின் தொடக்கத்தில் மேடு எழுப்பி வெளி நீரைத் தடுப்பதும், சரிவின் மேல் கூரை அமைப்பதும், அடிமட்டத்தில் குறுக்கு வடிகாலும் நீர்த்தொட்டியும் கட்டுவதும் கட்டாயமாகக் கருதப்பட வேண்டும். பெருமழையில் முதலில் மின்சாரமே தடைபடும் என்பதால், பம்புகளுக்கு ஜெனரேட்டர் இணைப்பும், சுவரில் நீர்மட்ட அளவுகோலும், நுழைவாயிலில் பாதையை அடைக்கும் தடுப்பும் பொருத்திய பின்னரே சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட வேண்டும்.