தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்?

ஆங்கிலத்தில் கதை எழுதப் பழகுகிறவர்களின் தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். எழுத்துப்பிழையை அகராதி பார்த்துக்கொள்ளும். கதை யார் கண் வழியாக நகர்கிறது என்பது தடுமாறும் இடத்தில்தான் நான் பேனாவை எடுக்கிறேன்.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “நான் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் கதவைத் திறந்தான். நான் இறந்துவிட்டேன் என்று நினைத்துப் பயந்தான்.” தூங்குகிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு மாற்றி எழுதினாள்: “கண் விழித்தபோது என் மூக்கருகே அண்ணனின் விரல். அது நடுங்கிக்கொண்டிருந்தது.” பயம் என்ற சொல்லே அதில் இல்லை. எனக்கு அன்றைக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆகவே முதல் வரிக்கு முன்பே நோக்குநிலையை, அதாவது கதை யார் கண் வழியாக நகர்கிறது என்பதை, முடிவுசெய்யுங்கள். ‘ஐ’ என்று தன்மையில் எழுதினால், அந்த ஆள் கண்டதும் கேட்டதும் ஊகித்ததும் மட்டுமே உங்கள் கையிருப்பு. ‘ஹி’, ‘ஷி’ என்று படர்க்கையில் எழுதினால் ஒருவர் மனத்துக்குள் மட்டும் இருக்கலாம். எல்லார் மனமும் அறிந்தவராகவும் சொல்லலாம். பழகும் காலத்தில் ஒரு மனம் போதும். ‘யூ’ என்று முன்னிலையில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்தர் கானன் டாயில் எழுதிய 60 ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் 56 கதைகளை ஹோம்ஸின் நண்பர் வாட்சன்தான் சொல்கிறார். ஹோம்ஸின் மனத்தில் ஓடுவது வாட்சனுக்குத் தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. துப்பறிவாளரே ‘நான்’ என்று சொல்லத் தொடங்கினால் அந்த மர்மத்தைக் காப்பது கடினம்.

தமிழிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும்: வந்தேன், வந்தான், வந்தாள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘கேம்’தான். அதனால் எழுவாயை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று நம் ‘தான்’. ‘தான் வருவதாக ரவி சொன்னான்’, ‘அவன் வருவதாக ரவி சொன்னான்’ என்ற இரண்டிலும் வருகிறவர் வேறு வேறு ஆள். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘ரவி செட் ஹி வுட் கம்’ என்றே வரும். இரண்டு ஆண்கள் பேசும் காட்சியில் இது வாசகரைத் திணறடிக்கும். ஐயம் வரும் இடத்தில் பெயரையே எழுதுங்கள். பெயர் திரும்ப வருவது குற்றமில்லை.

காலமும் அப்படியே: இறந்தகாலத்தில் தொடங்கினால் அதிலேயே நில்லுங்கள். இன்னொன்று, தன்மையில் எழுதும்போது ‘மழை பெய்வதை நான் பார்த்தேன்’ என்பதில் ‘பார்த்தேன்’ தேவையில்லை. ‘மழை பெய்தது’ என்றாலே பார்த்தவர் யாரென்று தெரியும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், ‘இது யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டு ஒரு பெயரைக் குறியுங்கள். ஒரே பத்தியில் இரண்டு பெயர் வந்தால் அங்கேதான் திருத்த வேண்டும். பிறகு அதே நிகழ்ச்சியை மற்றவரின் ‘ஐ’யில் எழுதிப் பாருங்கள். அந்த மாணவிக்கும் இதைத்தான் அடுத்த பயிற்சியாகக் கொடுத்தேன். இம்முறை அவள் மூடிய கதவுக்கு வெளியே நின்று தொடங்கினாள்.