மூழ்கிய வளையல்: கதைப்பின்னலையும் கருவையும் கண்டறியும் முறை

மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் மாணவர்களோடு கோலாலம்பூரில் சிறுகதை படிக்க உட்காரும்போதெல்லாம் ஒன்றைக் காண்கிறேன். கரு, கதைப்பின்னல், உச்சம் ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டால் தயங்காமல் எழுதுகிறார்கள். முன்பின் அறியாத கதையொன்றைக் கொடுத்து அதன் கருவைக் கேட்டால் ‘வறுமை’, ‘தியாகம்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கலைச்சொல்லையும் கதையிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டால் இந்தத் தடை விலகும். அதைக் காட்ட, பயிற்சிக்காகவே ஒரு சிறு கதையைக் கட்டிக்கொள்கிறேன்.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் தையல் வேலை செய்யும் தாய் ஒருவர், மகளின் பல்கலைக்கழகச் செலவுக்காக இரண்டு வளையல்களை அடகு வைக்கிறார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகள் முதல் சம்பளத்தோடு, அலமாரியில் கிடந்த அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். தவணை ஆறு மாதந்தான், வட்டி கட்டாததால் நகை அப்போதே மூழ்கிவிட்டது என்கிறார் கடைக்காரர். “வளையல் கடையில பத்திரமா இருக்கும்மா” என்று அம்மா இத்தனை காலம் சொல்லி வந்தது அவள் நினைவுக்கு வருகிறது. வீட்டு வாசலில் அம்மா நிற்கிறார். வளையல் கிடந்த மணிக்கட்டில் ஊசி குத்திவைக்கும் சிறு பஞ்சுத்திண்டு கட்டியிருக்கிறது. “என்னம்மா ஆச்சு?” என்று அவர் கேட்க, “கடை பூட்டியிருந்துச்சும்மா” என்கிறாள் மகள்.

முதலில் கதைப்பின்னல். நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் அடுக்கினால் கிடைப்பது கதை. ஒரு நிகழ்ச்சி அடுத்ததற்குக் காரணமாக அமையும் முறையும், ஆசிரியர் அவற்றை எந்த வரிசையில் வெளியிடுகிறார் என்பதும் சேர்ந்ததுதான் பின்னல். நகை மூழ்கியது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு. நமக்கோ அது கடை வாசலில்தான் தெரிய வருகிறது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அருகில் ‘இது ஏன் நடந்தது, ஏன் இந்த இடத்தில் சொல்லப்படுகிறது’ என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்தது சிக்கல். ‘கதைமாந்தர் எதை விரும்புகிறார், எது குறுக்கே நிற்கிறது’ என்று கேட்க வேண்டும். மகள் வளையலை மீட்க விரும்புகிறாள். காலங்கடந்த சீட்டு குறுக்கே நிற்கிறது. இது புறச்சிக்கல். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது அகச்சிக்கல்.

உச்சத்தைக் கண்டறிவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடைக்காரர் உண்மையைச் சொல்லும் இடத்தையே பெரும்பாலோர் உச்சமாகக் குறிக்கிறார்கள். அங்கே நிகழ்வது அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறும் கண்டறிதல். அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிப் பேசும்போது தனித்து எடுத்துக்காட்டிய திருப்பம் அது. இனித் திரும்ப முடியாத முடிவை மகள் எடுப்பது வாசலில்தான் என்பதால், உச்சம் வாசலுக்குரியது என்பேன். கதையின் இறுதி வரியே உச்சமாக இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக இருக்கலாம். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்ற ஐந்து பகுதிப் படத்தை 1863இல் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் நாடகங்களுக்காகவே வகுத்தார். ஒவ்வொரு சிறுகதையையும் அதற்குள் திணிப்பது கதைக்குச் செய்யும் அநீதி.

இனி கரு. ‘தாயின் தியாகம்’ என்பது கதையின் பேசுபொருள். அந்தப் பேசுபொருளைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதே கரு, ஆகவே அதை முழு வாக்கியமாக எழுத வேண்டும். எழுதியபின் கதையின் கடைசி வரியோடு உரசிப் பாருங்கள். ‘பிள்ளைகளுக்காகத் தாய் எதையும் இழப்பாள்’ என்று எழுதினால் மகளின் பொய்க்கு அதில் இடமே இல்லை. ‘இழப்பை மறைத்து அன்பைக் காட்டும் பழக்கம் தாயிடமிருந்து மகளுக்கும் இறங்குகிறது’ என்று எழுதினால் இரண்டு பொய்களும் பொருந்துகின்றன. வறுமை இங்கே துணைக்கரு. ‘பொய் சொல்லக் கூடாது’ போன்ற படிப்பினை வேறு. அது வாசகர் எடுத்துக்கொள்வது, கதை அப்படிச் சொல்லவில்லை.

‘கருப்பொருள்’ என்ற சொல்லைக் கையாளும்போது சற்றுக் கவனம் தேவை. இன்று பலர் கருவையே அப்படிக் குறிக்கிறார்கள். தொல்காப்பியத்திலோ நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலான ஒழுக்கங்கள் உரிப்பொருள். அந்தக் கண்ணோடு பார்த்தால் செந்தூலும் நான்காண்டு இடைவெளியும் முதற்பொருளுக்கும், தையல் தொழில் கருப்பொருளுக்கும், மறைத்துக் காக்கும் அன்பு உரிப்பொருளுக்கும் நெருங்கி வருகின்றன. நவீன விமர்சனம் கரு என்று தேடுவது பழைய உரிப்பொருளுக்கே பக்கத்தில் இருக்கிறது.

கதை யாருடைய பார்வையில் சொல்லப்படுகிறது என்பதே நோக்குநிலை. அதற்கு ஒரே சோதனை போதும்: இதே கதையைத் தாயின் வாயால் சொல்லிப் பாருங்கள். நகை மூழ்கியது அவருக்குத் தெரியும் என்பதால் கடை வாசல் திருப்பம் காணாமற்போகும். மகள் சொல்வது பொய் என்று அறிந்தும் அவர் பேசாமல் நிற்கும் அந்த நொடி, கதையின் புதிய உச்சமாகிவிடும்.